இரு கையிலும் வாள்: களத்தில் எடுபடுமா?

ஓலைச்சுவடி எழுதியது:

வரலாற்றுக் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் படைத்தலைவன் ஒருவன் இரு கைகளிலும் ஒரே நீளமுள்ள வாள்களை ஏந்தி, பகைவர் அணிக்குள் தனியாகப் புகுந்து, சுழன்று சுழன்று வெட்டிக்கொண்டு போவதாக ஓர் அத்தியாயம் வருகிறது. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், இதெல்லாம் திரைக்குச் சரி, களத்துக்கு ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏன் ஆகாது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. கை இரண்டு இருக்கும்போது ஆயுதமும் இரண்டு இருந்தால் தாக்குதலும் இரட்டிப்பாக வேண்டாமா என்பதே என் ஐயம். ஆயுதப் பயிற்சி உள்ளவர்களும் பழைய போர்நூல்களைப் படித்தவர்களும் விளக்கினால் அத்தியாயத்தைத் திருத்தவோ காப்பாற்றவோ முடியும்.

உலைக்களம் எழுதியது:

தாக்குதல் இரட்டிப்பாகுமா என்று கேட்பதைவிட, இடக்கைக்கு வேறு என்ன வேலை கொடுத்திருக்கலாம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கை கேடயத்தைப் பிடித்திருக்கலாம். வலக்கையோடு சேர்ந்து ஈட்டியையோ நீண்ட வாளையோ பிடித்திருக்கலாம். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருக்கலாம். இரண்டாவது வாளை எடுத்த கணமே இவை எல்லாம் கைநழுவிப் போகின்றன. அப்படி இழந்ததற்கு ஈடாக அந்த வாள் எதைத் தருகிறது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

போர்க்களத்தில் அது பெரும்பாலும் ஈடாவதில்லை. அம்பு வரும்போது வாளை நீட்டித் தடுக்க இயலாது; கேடயத்துக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்ளலாம். நெருங்கி நிற்கும் அணியில் ஒரு வீரனுக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்த இடத்துக்குள் இரண்டு வாள்களை வீசினால் முதலில் காயப்படுபவன் பக்கத்தில் நிற்கும் தன் படை வீரனாகவே இருப்பான். பழைய கிரேக்கக் காலாட்படையில் ஒருவனுடைய கேடயம் அவனுக்கு இடப்புறம் நிற்பவனின் பாதி உடலையும் மறைத்தது. அத்தகைய வரிசையில் ஒருவன் கேடயத்தை விட்டுவிட்டு இரண்டு வாள்களோடு வந்து நின்றால், அவன் தன்னை மட்டுமல்லாமல் அடுத்தவனையும் திறந்துவிட்டவன் ஆகிறான்.

இதற்காக இரட்டை ஆயுதம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ரேப்பியர் எனப்படும் நீண்ட குத்துவாளை வலக்கையிலும் குறுவாளை இடக்கையிலும் ஏந்தும் முறை மிகப் பரவலாக இருந்தது. இத்தாலிய வாள்போர் ஆசான்களான மரோட்சோ 1536இலும், டி கிராஸி 1570இலும், காபோ ஃபெர்ரோ 1610இலும் வெளியிட்ட நூல்களில் இது முறையான பாடமாகவே இடம்பெறுகிறது. ஆனால் அது நகரத்தில் நடமாடும் மனிதனின் முறை. படைவீரனின் முறை அன்று. கேடயத்தை அன்றாடம் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. வாளும் குறுவாளும் இடுப்பிலேயே கிடக்கும். எதிராளியிடமும் வில்லோ ஈட்டியோ இருக்காது. அந்தச் சூழலுக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆயுதம் வீம்பு அல்ல, கையில் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடிய மிக நல்ல ஏற்பாடு.

ஆயுதங்களின் அளவைக் கவனியுங்கள். ரேப்பியரின் அலகு மட்டுமே ஒரு மீட்டரைத் தாண்டும். முழு வாளின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். குறுவாளோ அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் குறுக்குக் காப்பின் பக்கவாட்டில் ஓர் இரும்பு வளையம் இருக்கும்; எதிரியின் அலகு வழுக்கிக்கொண்டு விரல்மேல் ஏறாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பழகியவர்கள் குறுவாளை மார்பை ஒட்டி வைத்துக்கொள்வதில்லை. இடக்கையை நன்றாக முன்னே நீட்டியே பிடிக்கிறார்கள். வரும் வாள்முனையை உடலுக்குத் தொலைவிலேயே தொட்டால் சிறிது தள்ளினாலும் அது உடலைத் தாண்டி வெளியே போய்விடும். உடலுக்கு அருகில் வந்தபின் தொட்டால் அகலமாகத் தள்ள வேண்டும். அதற்கு நேரம் இருக்காது. குறுவாள் அந்த வாளைப் பிடித்து வைத்திருக்கும் அதே நொடியில் வலக்கை வாள் குத்திவிடும். ஒற்றை வாளால் தடுத்த பிறகு திரும்பிக் குத்துவதற்கு இரண்டு அசைவுகள் வேண்டும். இங்கே ஓர் அசைவில் காரியம் முடிகிறது. இரண்டு ஆயுதத்தின் இலாபம் இந்த நேரச் சேமிப்புதான், வெட்டுகளின் எண்ணிக்கை அல்ல.

காலடி எழுதியது:

உலைக்களம் ஐயா சொன்னதற்கு உடலின் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சேர்க்கிறேன். சிலம்பத்தில் இரட்டைக் கம்பு சுற்றுபவர்களுக்கு இது விளங்கும். வலக்கையால் முழு வலிமையோடு ஓர் அடியை இறக்க வேண்டுமானால் இடுப்பு திரும்ப வேண்டும், வலத் தோள் முன்னே போக வேண்டும். வலத் தோள் முன்னே போனால் இடத் தோள் தானாகவே பின்னுக்குப் போகும். ஆகவே வலக்கைக் கம்பு எதிராளியை எட்டும் அந்தக் கணத்தில் இடக்கைக் கம்பு எட்டாத தொலைவில் பின்தங்கி நிற்கிறது. அதை முன்னே கொண்டுவர இடுப்பை மறுபடியும் திருப்ப வேண்டும். அப்போது வலக்கை பின்வாங்கும். இரண்டும் மாறி மாறித்தான் வரமுடியும். ஒரே கணத்தில் இரண்டும் முழு வலிமையோடு ஒருவனை எட்டுவது இயலாது.

இரண்டையும் ஒரே அளவுக்கு முன்னே கொண்டுவர விரும்பினால் மார்பை நேராகக் காட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டாக நிற்பவனோடு ஒப்பிட்டால் அப்படி நிற்பவனுக்கு எட்டம் ஏறக்குறைய ஒரு சாண் குறைந்துவிடுகிறது. ஆயுதப் போரில் ஒரு சாண் என்பது எவ்வளவு பெரிய தொலைவு என்பதைக் கம்பு எடுத்து ஒருமுறை மோதியவரிடம் சொல்லத் தேவையில்லை. மேலும் நெஞ்சும் வயிறும் முழுமையாகத் திறந்துகிடக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பின்தங்கி நிற்கும் கையில் நீண்ட வாள் இருந்து பயன் என்ன? எதிராளி நெருங்கி உள்ளே புகுந்தபின்தான் அந்தக் கைக்கு வேலை வரும். அந்த நெருக்கத்தில் நீண்ட வாள் சுமையாகிவிடும், குட்டையான ஆயுதம்தான் உதவும். ஒரு கையில் நெடியது, மறுகையில் குறியது என்ற ஏற்பாடு எத்தனையோ இடங்களில் தனித்தனியாக நிலைபெற்றதற்கு இந்த உடலமைப்பே காரணம் என்று நினைக்கிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டுப் போர்க்கலையான எஸ்கிரிமாவிலும் வாளும் குறுவாளும் ஏந்தும் பிரிவு தனியாக உண்டு.

தனிவாள் எழுதியது:

இத்தகைய பேச்சில் மியாமோட்டோ முசாஷியின் பெயர் வராமல் இருக்காது. வருவதற்கு முன் நானே கொண்டுவந்துவிடுகிறேன். 1645இல் இறந்த இந்த ஜப்பானிய வாள்வீரர், தம் கடைசிக் காலத்தில் எழுதிய நூலில் இரண்டு வாள்களைப் பயன்படுத்தும் முறையைத் தம் பள்ளியின் அடையாளமாகவே வைத்தார். அவர் தொடங்கிய மரபு இன்றும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அவர் கூறும் காரணத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். இரண்டு வாள்களால் இருமடங்கு வெட்டலாம் என்று அவர் வாதிடவில்லை. சாமுராய்கள் இடுப்பில் ஏற்கெனவே இரண்டு வாள்களைச் செருகியிருக்கிறார்கள். அப்படியிருக்க ஒன்றை உறையில் கிடக்கவிட்டுச் சாவது வீரனுக்கு அழகல்ல என்கிறார். அடுத்ததாக, குதிரைமேல் இருக்கும்போதும், சேற்றுநிலத்தில் ஓடும்போதும், கூட்டத்துக்குள் அகப்படும்போதும் ஒரு கையால் வாளை ஆளத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திறமையை வளர்க்க இது வழி என்கிறார். தொடக்கத்தில் வாள் கனமாகத்தான் தோன்றும், வில்லை வளைப்பதும் முதலில் அப்படித்தான் இருந்தது, பழகப் பழகக் கை வசப்படும் என்பது அவர் தரும் ஆறுதல். அவருடைய வாள்களும் ஒரே நீளம் கொண்டவை அல்ல. ஒன்று நெடியது, மற்றது குறியது. அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்த 1612ஆம் ஆண்டுத் தீவு மோதலில்கூட அவர் ஏந்தியது நீளமான ஒரே ஒரு மரவாளைத்தான்.

வாளுக்குப் பதில் மூங்கில் கோலை ஏந்தி மோதும் ஜப்பானிய விளையாட்டான கெண்டோவின் இன்றைய போட்டிகளில் இரட்டைக் கோல் அனுமதிக்கப்படுகிறது. வயதுவந்த ஆண்களுக்கான விதிப்படி ஒற்றைக் கோல் 120 செ.மீ. வரை இருக்கலாம், இரண்டு கோல் எடுப்பவரின் பெரிய கோல் 114 செ.மீ. வரையும் சிறிய கோல் 62 செ.மீ. வரையும் மட்டுமே இருக்கலாம். அதாவது இரண்டு எடுப்பவர் எட்டத்தில் சிறிது விட்டுக்கொடுத்தே தொடங்குகிறார். சிறிய கோலால் புள்ளி பெறுவது மிக அரிது. அது எதிராளியின் கோலை அமுக்கியும் ஒதுக்கியும் பெரிய கோலுக்கு வழிதிறந்துவிடுகிறது. இரட்டைக் கோலைத் தேர்ந்தெடுப்பவர்களும் சிலரே. எதிரில் நிற்பவருக்கு அது பழக்கமில்லாததாக இருப்பதும் அந்தச் சிலருக்கு ஓரளவு கைகொடுக்கிறது என்பது என் கணிப்பு.

ஓலைச்சுவடி எழுதியது:

நன்றி. ஆனால் உரோமானிய அரங்குகளில் இரு வாள் ஏந்திய கிளாடியேட்டர் (அரங்கில் ஆயுதமேந்திப் பொருதும் வீரர்) வகை ஒன்று இருந்ததாகப் படித்திருக்கிறேன். சீனத்திலும் சம நீளமுள்ள இரட்டை வாள்கள் உண்டு. இவை உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லையா?

உலைக்களம் எழுதியது:

இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். உரோமானியர் டிமாக்கேரஸ் என்று அழைத்த வகையைப் பற்றிச் சில கல்வெட்டுகளும், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கனவு நூல் ஒன்றும் குறிப்பிடுகின்றன. (அத்தகையவனோடு மோதுவதாகக் கனவு கண்டால் வாய்க்கும் மனைவி நல்லவளாக இருக்கமாட்டாள் என்று அந்த நூல் பலன் சொல்கிறது. இரு வாள் வீரனின் புகழ் அன்று எப்படி இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.) ஆனால் அரங்கம் என்பது யாரோடு யாரை மோதவிடுவது என்று ஏற்பாட்டாளர் தீர்மானிக்கும் இடம். அங்கே அம்பு வராது, குதிரைப்படை பாயாது; பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தாக இருந்தால் போதும். அதே உரோமானியர் தம் படையணிகளுக்கு இரண்டு வாள்களைக் கொடுக்கவில்லை, பெரிய கேடயத்தைத்தான் கொடுத்தார்கள்.

தெற்குச் சீனத்தின் இரட்டை வாள்களைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. 19ஆம் நூற்றாண்டில் ஊர்க்காவல் படையினர் இவற்றை உண்மையாகவே ஏந்தியிருக்கிறார்கள். அந்த வாள்களை நெருங்கிப் பார்த்தால் அமைப்பின் நுட்பம் புரியும். இரண்டு பிடிகளும் உட்பக்கம் தட்டையாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உறைக்குள் இறங்குகின்றன. வெளியே பார்ப்பவருக்கு ஒற்றை வாள்போலவே தோன்றும். விரல்களைச் சுற்றி உலோகக் காப்பு வளைந்து வரும். ஆனால் பெரும்பாலானவற்றின் அலகு நீண்ட வாளின் பாதி அளவே இருக்கும். இரண்டும் குட்டையாக இருக்கும்போது ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் தொல்லை குறைகிறது. மார்பை நேராகக் காட்டி நின்று, வலக்கையும் இடக்கையும் மாறி மாறித் தடுப்பதற்கும் அவை பொருந்துகின்றன. சந்துகளிலும் படகுத் தளத்திலும் அது எடுபடும். உங்கள் படைத்தலைவன் ஏந்தியிருப்பவை முழு நீள வாள்கள், நிற்பதோ திறந்த களம். ஆகவே இந்த எடுத்துக்காட்டு அவனுக்குக் கைகொடுக்காது.

முழு நீளமுள்ள இரண்டு வாள்களைக் கற்பித்த ஆசான்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். டி கிராஸி இரண்டு ரேப்பியர்களுக்குத் தனிப் பாடமே எழுதியிருக்கிறார். பயிற்சிக் கூடத்திலும் ஒருவரோடு ஒருவர் பொருதும் களரியிலும் இவை மதிப்புக்குரிய ஆயுதங்களாக ஏற்கப்பட்டாலும் போரில் பயன்படுவதில்லை என்று அவரே வெளிப்படையாகக் கூறுகிறார். வலக்கையைப் போலவே இடக்கையையும் ஆளத் தெரியாதவன் இதைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையையும் வைக்கிறார். கற்பிக்கிறவரே இவ்வளவு தயங்கினால், கற்காத எழுத்தாளர்கள் நாம் இன்னும் கொஞ்சம் தயங்கலாம்.

மெய்யறி எழுதியது:

இடக்கையைப் பழக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழக்கிய இரண்டு கைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது அதற்கு அடுத்த சிக்கல். ஒரு கையால் வட்டமும் மறுகையால் சதுரமும் ஒரே நேரத்தில் வரைந்து பாருங்கள், இரண்டும் கெட்டுப்போகும். உடல் அசைவை ஆராயும் துறையில் இது நெடுநாளாக அறியப்பட்டது. 1979இல் கெல்சோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கைக்கு எளிதான இலக்கையும் மற்றதற்குக் கடினமான இலக்கையும் கொடுத்தபோது, இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. எளிய வேலை பெற்ற கை மற்றதற்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

இதை வாள்போருக்குப் பொருத்திப் பார்த்தால் சுவையான முடிவு கிடைக்கிறது. இரண்டு கைகளும் தனித்தனித் தாளத்தில், தனித்தனி எதிரிகளைச் சமாளிப்பது மூளைக்கு மிகக் கடினம். கதைகளில் வலக்கை ஒருவனையும் இடக்கை மற்றொருவனையும் வீழ்த்துவது ஆகக் குறைந்த வாய்ப்புள்ள காட்சி. ஆனால் இடக்கை தடுக்கும் அதே நொடியில் வலக்கை குத்துவது என்பது இரண்டு கைகளும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிக்கும் செயல். உலைக்களம் விவரித்த உத்தி கைகளின் இந்த இயல்போடு ஒத்துப்போகிறது. பழைய ஆசான்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே இதைக் கண்டறிந்துவிட்டார்கள்.

காலடி எழுதியது:

மெய்யறி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பயிற்சியால் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இரட்டைக் கம்பில் தேர்ந்தவர் இரண்டு கைகளையும் எதிரெதிர்த் திசையில் தடுமாறாமல் சுழற்றுவார். பிலிப்பைன்ஸ் முறையிலும் இரு கோல்களைப் பின்னிப் பின்னி அடிக்கும் பயிற்சி அடிப்படைப் பாடம். எனினும் அவை முன்கூட்டியே மனப்பாடமான வரிசைகள். எதிரே நிற்பவன் அந்த வரிசைக்கு ஒத்துழைக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. அலங்காரச் சுற்று வேறு, மோதல் வேறு என்று சிலம்ப ஆசான்கள் பிரித்தே சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பயிற்சியின் பெரிய பயன், இடக்கை விழித்துக்கொள்வதுதான். பிறகு நீங்கள் ஒற்றைக் கம்பை இரு கையாலும் பிடிக்கும்போது அந்த விழிப்பு அப்படியே உதவுகிறது.

கம்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1599இல் வாள்போரைப் பற்றி எழுதிய ஜார்ஜ் சில்வர், ஆயுதங்களில் எது எதை வெல்லும் என்று ஒரு வரிசையே தந்தார். வாளும் குறுவாளும் ஏந்தியவனை வாளும் கேடயமும் ஏந்தியவன் மிஞ்சுவான். நீண்ட கம்பை இரு கையாலும் ஆள்பவன் இவர்கள் எல்லாரையும் மிஞ்சுவான் என்பது அவர் கருத்து. இரண்டு வாள்கள் எதிரே நிற்க, கையில் நல்ல கம்பு ஒன்று இருந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்க வேண்டாம்.

செந்துரும்பு எழுதியது:

இரு கையிலும் துப்பாக்கி ஏந்துவதையும் இதோடு சேர்க்கலாமா? பழைய கடற்கொள்ளையர் பல கைத்துப்பாக்கிகளைக் கட்டிக்கொண்டு திரிந்ததாகச் சொல்கிறார்களே.

உலைக்களம் எழுதியது:

அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கி ஒருமுறை சுட்டால் முடிந்தது. மறுபடி மருந்து இடிக்கச் சண்டையின் நடுவே நேரமில்லை. ஆகவே ஒன்றைச் சுட்டு எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். பல துப்பாக்கிகளைச் சுமந்தது இதற்காகத்தான். இன்றைய கைத்துப்பாக்கிக்கு இந்தக் காரணமும் பொருந்தாது. இரண்டு குறிகளை ஒரே நேரத்தில் கண்ணால் கூட்டிப் பார்க்க முடியாது. இரு கையாலும் ஒன்றைப் பிடித்தால் அதிர்வு அடங்கும். தோட்டா தீர்ந்தால் மாற்றுவதற்கு ஒரு கை காலியாக இருக்கவேண்டும். வாள்போருக்கே திரும்புவோம்.

தனிவாள் எழுதியது:

திரும்புவதற்கு நானே ஒரு கேள்வி வைக்கிறேன். குறுவாள் இவ்வளவு பயனுள்ளதென்றால் ஐரோப்பாவில் ஏன் மறைந்தது?

உலைக்களம் எழுதியது:

வாள் மாறியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர மனிதர்கள் கட்டிய வாள் குட்டையாகவும் மிக இலேசாகவும் ஆகிவிட்டது. நீண்ட ரேப்பியரைத் தடுப்புக்கும் குத்துக்கும் விரைந்து மாற்றுவது கடினம். இடக்கை ஆயுதத்துக்கு அது வேலை கொடுத்தது. புதிய வாளோ அந்த இரண்டையும் மணிக்கட்டின் சிறு அசைவிலேயே செய்து முடித்தது. ஓர் அசைவு மிச்சம் என்ற பழைய இலாபம் ஏறக்குறைய கரைந்துபோனது. குறுவாளுக்காக மார்பைத் திறந்து நிற்கும் நட்டம் மட்டும் எஞ்சியது. பிரான்சில் குறுவாள் விரைவாகவே வழக்கொழிந்தது. நீண்ட வாளை விடாத இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அது இன்னும் சில காலம் பிழைத்திருந்தது.

ஓலைச்சுவடி எழுதியது:

அத்தியாயத்தை மாற்றி எழுத முடிவு செய்துவிட்டேன். படைத்தலைவன் ஈட்டியும் கேடயமுமாகக் களத்தில் இறங்குகிறான். ஈட்டி முறிகிறது, வாளை உருவுகிறான். கோட்டை வாயிலின் குறுகிய வழியில் கேடயமும் பிளந்துபோக, இடக்கையால் குறுவாளை எடுக்கிறான். எதிரில் ஒரே ஒருவன். இது ஒத்துவருமா? ஒத்துவந்தால், வலக்கை ஓயாமல் வாளை ஆண்டுகொண்டிருக்கும்போது இடக்கையால் குறுவாளை உருவுவது எப்படி? இரண்டையும் இடப்பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

உலைக்களம் எழுதியது:

இப்போது ஒத்துவருகிறது, குறுகிய வழி அவனுக்குச் சாதகமாகக்கூட இருக்கும், ஏனெனில் பக்கவாட்டிலிருந்து எவரும் புகமுடியாது. குறுவாளை மட்டும் இடம் மாற்றுங்கள். இடப்பக்கத்தில் தொங்கும் குறுவாளை இடக்கையால் உருவ வேண்டுமானால் முழங்கையைப் பின்னுக்கு மடக்கித் தடுமாற வேண்டும். வாளுறை வேறு குறுக்கே கிடக்கும். ரேப்பியர் காலத்தவர்கள் குறுவாளை வலது இடுப்பின் பின்புறமாக, பிடி இடக்கைக்கு எட்டும்படி சாய்த்துக் கட்டினார்கள். இடக்கை முதுகுக்குப் பின்னால் போய்ப் பிடியைப் பற்றி அப்படியே இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடும். வலக்கை வாளின் முனை எதிராளியின் முகத்தை விட்டு விலக வேண்டியதில்லை. ஆனால் பிளந்த கேடயத்தின் தோல்வார் முன்கையில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றும் நொடியில் எதிராளி என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் எழுதிவிடுங்கள்.

காலடி எழுதியது:

அந்த நொடியில் உங்கள் ஆள் ஓரடி பின்வாங்கியிருக்க வேண்டும், நண்பரே. நின்ற இடத்திலேயே நின்று வாரைக் கழற்றினான் என்று எழுதினால் இந்த இழை மறுபடியும் தொடங்கிவிடும்.